கண்ணில்லாத பதினொரு பன்றிக்குட்டிகள்

1933, அமெரிக்காவின் டெக்சாஸ். அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ரெட் ஹேல்ங்கிறவர் ஒரு தாய்ப்பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீவனமாகவே போட்டு வளர்த்தார். அது ஈன்ற குட்டிகள் 11. ஒன்றுக்குக்கூட கண்விழி இல்லை!

பிறவிக் கோளாறுன்னாலே பரம்பரை வியாதின்னு கையைக் கழுவிவிடும் காலம் அது. ஹேல் விடவில்லை. கண்ணில்லாமல் பிறந்த பன்றிகளையே இணை சேர்த்து, இந்த முறை நல்ல தீவனம் கொடுத்தார். பிறந்த குட்டிகளுக்குக் கண் இருந்தது. ஆக, கோளாறு ரத்தத்தில் இல்லை, தீவனத் தொட்டியில்!

சரி, குறைஞ்சா ஆபத்து. கூடினா? முகப்பரு மாத்திரை ஒன்று பதில் சொன்னது. வைட்டமின் ஏ வகையறாவான ஐசோட்ரெட்டினாயினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கருவைப் பாதிக்கும்னு விலங்குச் சோதனையிலேயே தெரியும். கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கையும் போட்டிருந்தார்கள். எழுதி ஒட்டிட்டா போதுமா? காது, இதயம், மூளை பாதித்த குழந்தைகள் பற்றிய தகவல்கள் 1983-லேயே வந்துவிட்டன.

ஏன் இரண்டுமே கெடுதி? 1987-ல் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் பியர் சாம்போன் குழுவும் தனித்தனியே ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். உடம்பு வைட்டமின் ஏ-விலிருந்து தயாரிக்கும் இந்த அமிலம், ஏற்பியோடு சேர்ந்து ஜீன்களுக்கு ஸ்விட்ச் போடுகிறது. கருவில் எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு என்பதுதான் விஷயமே.

கேரட், முருங்கைக்கீரையைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். அதில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு அளவு பார்த்துத்தான் மாற்றிக்கொள்ளும். மிரள வேண்டியது மாத்திரைக்கு. கர்ப்பம் இல்லைன்னு பரிசோதனையில் காட்டினால்தான் பெண்களுக்கு அந்த மாத்திரை என்ற கட்டாயப் பதிவுத் திட்டம் அமெரிக்காவில் வந்தது 2006-ல். 24 வருஷம் கழித்து!