கை மறந்தாலும் ஏடு மறவாது



கணினி என்றால் எல்லாம் தானாகவே நடக்கும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவல்ல. பெட்டியைப் பிரித்து எடுத்த புதுக் கணினி வெறும் இரும்புதான். இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளை அதில் ஏற்றி, யார் உள்ளே வரலாம், என்னென்ன வேலை செய்யலாம் என்று ஒழுங்குபடுத்தினால்தான் அது உதவும். வங்கி, மருத்துவமனை, விமான நிலையம் ஆகியவற்றின் பின்னறையில் இரவும் பகலும் உழைக்கும் கணினிகளைச் சர்வர் என்பார்கள். ஒரு சர்வர் என்றால் கையாலேயே செய்துவிடலாம். ஆயிரம் சர்வர் என்றால் என்னங்க செய்வது? இதற்கு மனிதன் விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

விசை தட்டிய காலம்

1946இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் புதுக் கணக்குப் போட வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருக வேண்டும். அதற்கே நாள் கணக்கில் ஆகும். 1965இல் வந்த பிடிபி-8 கணினியின் முகப்பில் வரிசையாக விசைகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தட்டித் தட்டித் தொடக்கக் கட்டளைகளை ஊட்டினால், மீதியைக் காகித நாடாவிலிருந்து அது படித்துக்கொள்ளும். ஒரு விசை பிசகினால் போச்சு! மறுபடியும் தட்ட வேண்டியதுதான்.

விடையை முன்கூட்டி எழுதிய காலம்

கணினிகள் வலைப்பின்னலில் ஒன்றுசேர்ந்தபின் வழி பிறந்தது. 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் பூட்பி என்னும் நெறிமுறையை வகுத்தார்கள். "என் முகவரி என்ன? எந்தக் கோப்பைக் கொண்டு நான் எழ வேண்டும்?" என்று கணினியே வலையில் குரல் கொடுத்து விடை பெற்றது.

ஆனாலும் இயங்குதளத்தை நிறுவும்போது மொழி எது, நேரம் எது, வட்டை எப்படிப் பிரிப்பது என்று கேள்விமேல் கேள்வி வரும். ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். 1990களில் சன் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட்டும் ரெட் ஹாட்டின் கிக்ஸ்டார்ட்டும் இந்தத் தொல்லையைத் தீர்த்தன. பதில்களை முன்பே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். கணினி அதைப் படித்துத் தன்னை நிறுவிக்கொள்ளும்.

நிறுவியபின் பராமரிக்க வேண்டுமே? 1993இல் நார்வே நாட்டில், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியைப் படைத்தார். கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், கருவி ஒப்பிட்டுப் பார்த்து, மாறியதை மட்டும் திருத்தும். பின்னர் 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் ஆன்சிபிள் என்று இக்குடும்பம் பெருகியது.

இரண்டு பாடங்கள்

இதெல்லாம் அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு நிறுவனத்தில் 8 சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை. 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் சந்தை திறந்ததும், விடுபட்ட அந்தச் சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடம்தான்! நட்டம் 460 மில்லியன் டாலர். மறு ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தானியங்கி முறையில் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. நம் சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்தன. கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியதாயிற்று.

கையால் செய்தால் ஒன்று விட்டுப்போகும். எழுதியதே தப்பானால் எல்லாமே தப்பாகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதுதான் இங்கும் வழி. முதலில் சில கணினிகளில் சோதித்து, பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். அந்த நிறுவனமும் இனி அப்படிப் படிப்படியாகவே அனுப்புவதாக அறிவித்தது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் சிலர் இத்துறைக்குப் போவீர்கள். செய்வதைத் தெளிவாக எழுதுங்கள். எழுதியதை இன்னொருவரிடம் காட்டுங்கள். சிறிதில் சோதித்தபின் பெரிதில் இறங்குங்கள். இந்த மூன்றையும் கட்டுரை ஏட்டிலும் கணக்கு ஏட்டிலும் இன்றே பழகத் தொடங்கலாம்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!