ஒரு பெயர், இரு நாணயங்கள்: இந்திய, பாகிஸ்தான் ரூபாய்களின் மாற்று விகிதம்

பாகிஸ்தானில் வழங்கிய முதற் பணத்தாள்களில் தமிழ் எழுத்துகள் இருந்தன என்பது பலரும் அறியாத செய்தி. பிரிவினையின்போது புதிய நாட்டிற்கெனத் தனி நாணயம் இல்லை. பாகிஸ்தான் (நாணய முறை, ரிசர்வ் வங்கி) ஆணை, 1947 என்பதன்படி இந்திய ரிசர்வ் வங்கியே சிறிது காலம் இரு நாடுகளுக்கும் நடுவண் வங்கியாக இருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் தாங்கிய இந்தியத் தாள்களின்மீது ‘பாகிஸ்தான் அரசு’ எனப் பொருள்படும் தொடரை ஆங்கிலத்திலும் உருதுவிலும் மேலச்சிட்டு, 1948 ஏப்ரல் முதல் வெளியிட்டனர். தாளின் பின்புறத்தில் பிற இந்திய மொழிகளோடு தமிழிலும் பொறிக்கப்பட்டிருந்த மதிப்பு அவ்வாறே கராச்சிக்கும் டாக்காவுக்கும் சென்றது. 1948 ஜூலை முதல் நாளன்று பாகிஸ்தான் அரசு வங்கி தொடங்கியது. செப்டம்பர் 30-உடன் மேலச்சில்லா இந்தியத் தாள்கள் அங்குச் செல்லாதனவாயின.

இவ்வாறு நாணயம் இரண்டானது, பெயர் இரண்டாகவில்லை. மதிப்பும் ஓராண்டுக் காலம் ஒன்றாகவே இருந்தமையால், ‘ரூபாய்’ என்ற சொல்லுக்கு அடைமொழி சேர்க்க வேண்டிய தேவை கணக்கெழுதுவோருக்கும் பெரிதாக எழவில்லை.

1949 செப்டம்பர் 18 அந்நிலையை மாற்றியது. பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. ஸ்டெர்லிங் நாடுகளுடனான வாணிகத்தைக் கருதி இந்தியாவும் அதே அளவிற்குக் குறைத்தது. டாலருக்கு ஏறத்தாழ 3.30 ரூபாயாக இருந்த விகிதம் 4.76 ஆயிற்று. நிதியமைச்சர் குலாம் முகம்மதுவின் பாகிஸ்தானோ குறைக்க மறுத்தது. சணலும் பருத்தியுமே அதன் ஏற்றுமதி. இயந்திரங்களை வெளியிலிருந்து வாங்கவேண்டிய நிலையில் இருந்த அந்நாட்டிற்கு உயர்ந்த நாணயம் நன்மை தருவதாகத் தோன்றியது. விளைவாக, 100 பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய்க்குச் சமம் என்ற விகிதம் கணக்களவில் உருவாயிற்று.

இந்தியா இவ்விகிதத்தை ஏற்கவில்லை. காரணம் சணலில் இருந்தது. சணல் விளைநிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்திலும், ஆலைகள் அனைத்தும், பெரும்பாலும் ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி, இந்தியப் பக்கத்திலும் அமைந்துவிட்டன. நேற்று 100 ரூபாய்க்கு வாங்கிய சணலுக்கு இன்று 144 ரூபாய் தரவேண்டும் என்பதே கல்கத்தா ஆலைகளுக்கு அவ்விகிதத்தின் பொருள். வாணிகம் ஏறக்குறைய நின்றது. பாகிஸ்தானுக்குச் சென்ற நிலக்கரியும் நின்றது. விளைச்சலை வாங்குவாரின்றித் தவித்த உழவர்களின் பொருட்டுப் பாகிஸ்தான் சணல் வாரியம் ஒன்றை அமைத்தது. சணல் வாணிகத்திற்குக் கடன் வழங்க 1949 நவம்பரில் பாகிஸ்தான் தேசிய வங்கியை நிறுவியது. 1950 ஜூனில் மூண்ட கொரியப் போர் சணல் விலையை உயர்த்தி அந்நாட்டைக் காப்பாற்றியது எனலாம். 1951 பிப்ரவரி வாணிக உடன்பாட்டின்போதே இந்தியா அந்த விகிதத்தை ஒப்புக்கொண்டது. மேலச்சுத் தாள்கள் வெளிவந்த காலத்தில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த சி. து. தேஷ்முக்கே அப்போது இந்திய நிதியமைச்சர்.

இடைப்பட்ட அப்பதினேழு மாதங்களைச் சேர்ந்த ஆவணங்களே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடர்ப்படுத்துகின்றன. வங்காளியில் இரு நாட்டு நாணயத்திற்கும் ‘டாக்கா’ என்பதே வழக்கு. எந்த நாட்டுப் பணம் என்பதைச் சொல் காட்டாது. எழுதப்பட்ட ஊரையும் நாளையும் கொண்டே துணியவேண்டும். பாகிஸ்தான் தன் நாணய மதிப்பை ‘உயர்த்தியது’ என்று எழுதுவது மற்றொரு பிழை. அது உயர்த்தவில்லை, இருந்த இடத்திலேயே நின்றது. விலகிச் சென்றது இந்திய ரூபாய். விழுக்காட்டிலும் இதே குழப்பம் உண்டு. இந்திய ரூபாய் இழந்தது 30.5 விழுக்காடு, அதனையே மறுபக்கமிருந்து நோக்கினால் பாகிஸ்தான் ரூபாய் 44 விழுக்காடு மிகுந்தது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் அளவுகள். ஒன்று தவறென்று கருதி மற்றொன்றால் ‘திருத்துவது’ மூலத்தைச் சிதைப்பதாகும்.

1955 ஜூலை 31 அன்று பாகிஸ்தானும் மதிப்பைக் குறைத்ததால் ரூபாய்கள் மீண்டும் சமமாயின. ஆயினும் சிக்கல் முற்றும் தீரவில்லை. அது ரூபாயிலிருந்து சில்லறைக்கு இறங்கிற்று. இந்தியா 1957 ஏப்ரல் முதல் நாளில் பதின்ம முறைக்கு மாறி ரூபாயை 100 நயா பைசாவாகப் பகுத்தது. பாகிஸ்தான் 1961 ஜனவரி முதல் நாள்வரை பழைய 16 அணா, 64 பைசா முறையிலேயே இருந்தது. ஆகவே 1958-இல் லாகூரில் எழுதிய உருதுக் கதையில் வரும் ‘பைசா’வைத் தமிழில் ‘பைசா’ என்றே பெயர்த்தால், இன்றைய வாசகர் அதனை நூற்றில் ஒன்றாகவே கொள்வர். அதன் நேர்ச்சொல் நம்மிடமே உண்டு: காலணா. ஒலியொப்புமையைவிட மதிப்பொப்புமையே இங்குக் கொள்ளத்தக்கது என்பது எம் கருத்து.

1966 ஜூன் 6 அன்று இந்தியா மட்டும் டாலருக்கு 7.50 ரூபாயாகக் குறைத்தபோது, 100 பாகிஸ்தான் ரூபாய் 157.50 இந்திய ரூபாய்க்கு இணையாயிற்று. 1972 மேயில் பாகிஸ்தான் டாலருக்கு 11 ரூபாயாகக் குறைத்த பின்னர் நிலை தலைகீழானது. அவ்வாண்டிலேயே ‘டாக்கா’ வங்காளதேசத்தின் தனி நாணயப் பெயராகி, ஒரு பொதுச்சொல் எல்லைக்கு அப்பால் சிறப்புப்பெயராயிற்று.

1966-ஆம் ஆண்டின் மாற்றம் தமிழ் ஆவணங்களையும் தொடுகிறது. இலங்கை 1949-இல் இந்தியாவைப் போன்றே மதிப்பைக் குறைத்திருந்தமையால் அவ்விரு ரூபாய்களும் அதுவரை சமமாகவே இருந்தன. 1966 ஜூன் முதல் 1967 நவம்பரில் இலங்கை தன் நாணய மதிப்பைக் குறைக்கும்வரை, 100 இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய் என்பதே விகிதம். மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழகத்திற்கு அக்காலத்தில் எழுதப்பட்ட கடிதங்களில் ‘நூறு ரூபாய்’ என்று மட்டும் இருக்குமாயின், அது எக்கரையில் எண்ணப்பட்ட நூறு என்பதைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் தெளிவுபடுத்துதல் வேண்டும்.