மொண்டிசோரி வாசலில் நின்ற பிள்ளைகள்

மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று எங்கட ஊர்களில் கனபேருக்குத் தெரியாது. "பிள்ளையை மொண்டிசோரியில விட்டாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். மூன்று வயதில் கழுத்தில் தண்ணிப் போத்தலும் முதுகில் பையுமாக அழுதழுது போகிற இடம் மொண்டிசோரி. அங்கே படிப்பிக்கிறவர் மொண்டிசோரி ரீச்சர். நாங்களும் கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்தப் பெயரைத் தேடிப் போக வைத்தது ஒரு சின்னப் பிள்ளை. எங்களில் ஒருவரின் அக்காவுக்கு நான்கு வயதில் மகன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். ஆனால் எழுத்து அட்டைகளைக் கொடுத்தால் ஒன்றுகூட மாறாமல் வரிசையாக அடுக்குவான். ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லி இரண்டு கிழமை ஆகவில்லை, மொண்டிசோரியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. இவரை வைச்சுக்கொண்டு மற்றப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஏலாமல் கிடக்கு. எங்களுக்கு இதுக்கு ட்ரெயினிங்கும் தரேல்லை."

அந்த ரீச்சர் பொல்லாதவர் இல்லை. சொல்லும்போது அவவுக்கும் கண் கலங்கியதாம். இருபத்தைந்து பிள்ளைகளோடு தனியாக நிற்கிற ஒருவர் சொன்ன உண்மை அது. ஆனால் அந்த ஒரு வசனம் எங்களை விடவில்லை. ஏனென்றால், நாங்கள் வாசித்துப் பார்த்தபோது, மொண்டிசோரி என்ற பெயருக்குப் பின்னால் இருக்கிற கதையே இப்படியான பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றுவித்த கதையாக இருந்தது.

பாரிஸில் ஒரு பையன்

கதை 1800ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பிரான்சின் தெற்கே அவேரோன் என்ற பகுதியில், காட்டில் தனியாகத் திரிந்த ஒரு பையன் பிடிபட்டான். பன்னிரண்டு வயது மட்டில் இருக்கும். பேச்சு இல்லை. அவனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தின் பெயர்பெற்ற மனநல வைத்தியரான பினெல், இவனைத் திருத்த முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். செவிப்புலனற்றோர் நிறுவனத்தில் வேலை செய்த இளம் வைத்தியர் இட்டார் அதை ஏற்கவில்லை. பையனுக்கு விக்டர் என்று பெயர் வைத்து, ஐந்து ஆண்டுகளளவில் அவனோடு வேலை செய்தார்.

விக்டர் கடைசிவரை சரளமாகப் பேசவில்லை. ஆனால் எழுத்துத் துண்டுகளை அடுக்கி 'பால்' என்ற சொல்லைப் பிரெஞ்சில் ஆக்கக் கற்றுக்கொண்டான். தான் தோற்றுவிட்டதாகவே இட்டார் எண்ணினார். இருந்தாலும் என்ன செய்தார், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையெல்லாம் எழுதிவைத்தார். விக்டர் ஓட்டிசம் உள்ள பிள்ளையாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்குச் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருநூறு வருடம் கழித்து அதை உறுதியாகச் சொல்ல ஏலாது.

இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார்: மடம் கெரின். விக்டருக்குச் சமைத்துக் கொடுத்து, உடுப்புப் போட்டு, வெளியில் கூட்டிக்கொண்டு போனவர். இட்டார் வேலையை நிறுத்திய பிறகும் அவனைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். விக்டர் 1828இல் இறந்தான். வைத்தியரின் பெயர் புத்தகங்களில் பெரிதாக நிற்கிறது. நாள் முழுக்கப் பிள்ளையோடு நின்ற பெண்ணின் பெயரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இட்டாரிடம் கற்ற செகுவின் அந்த வேலையைத் தொடர்ந்தார். அந்தக் காலம் 'முட்டாள்கள்' என்று எழுதிவைத்த பிள்ளைகளுக்குக் கை, கண், காது, தொடுகை வழியாகப் படிப்பிக்கும் முறையை 1846இல் புத்தகமாக வெளியிட்டார். பிறகு அமெரிக்காவுக்குப் போய் 1866இல் ஆங்கிலத்திலும் எழுதினார். பொருட்களைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. ஆசிரியரின் குரல், பார்வை, நிற்கிற விதம்கூடப் பயிற்சியால் பழக வேண்டியவை என்று சொன்னார்.

ரோமில் முதல் வகுப்பு

மரியா மொண்டிசோரி 1870இல் இத்தாலியில் பிறந்தவர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே மனநோயியல் பிரிவில் உதவி வைத்தியராக இருந்தார். அந்த வேலைக்காக ரோமின் மனநோயாளர் விடுதிகளுக்குப் போனபோது, பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாத, பள்ளிக்கூடம் ஏற்காத பிள்ளைகள். இவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடப் படிப்புத்தான் என்ற முடிவுக்கு வந்தார். 1898இல் தூரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் அதைப் பகிரங்கமாகச் சொன்னார்.

1900இல் ரோமில் அதற்கென ஒரு நிறுவனம் திறந்தது. மொண்டிசோரியும் மொண்டெசானோ என்ற வைத்தியரும் அதன் பணிப்பாளர்கள். அது ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கலாசாலை. பிள்ளைகளின் வகுப்பும் அதோடு சேர்ந்தே நடந்தது. அதாவது பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் விரிவுரைக் குறிப்போடு வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகள் இருந்த அறையிலேயே படிப்பிக்கப் பழகினார்கள்.

பயிற்சி கொடுத்தவரும் சும்மா இருக்கவில்லை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய் அங்கே இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்த்து வந்தார். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு நின்றார். கலாசாலையை விட்ட பிறகு இட்டாரையும் செகுவினையும் முழுவதுமாகக் கையால் இத்தாலிய மொழியில் எழுதி எடுத்தார். பிள்ளைகளோடு நின்ற அந்த இரண்டு வருடம்தான் கல்வியியலில் தன்னுடைய உண்மையான பட்டம் என்று பின்னாளில் எழுதினார்.

அவர் சொல்லும் ஒரு சின்னச் சம்பவம் எங்களுக்குப் பிடித்தது. பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. கையில் பலம் இருந்தது. ஆனால் ஊசிநூலால் இழையோட்டித் தைக்க எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. மொண்டிசோரி தையலை நிறுத்தினார். கடதாசிப் பட்டிகளை மேலும் கீழுமாகக் கோர்த்துப் பாய் பின்னுகிற விளையாட்டைக் கொடுத்தார். அது நன்றாகப் பழகிய பிறகு ஊசியைத் திரும்பக் கொடுத்தார். பிள்ளை தைத்துவிட்டாள். 'இவளுக்கு ஏலாது' என்ற முடிவுக்கும் 'இவளுக்கு நடுவில் ஒரு படி தேவை' என்ற முடிவுக்கும் இடையில் இருந்தது ஆசிரியரின் கண் மட்டும்தான்.

எழுத்துகளை மரத்தில் செய்வித்து, உயிரெழுத்துகளுக்குச் சிவப்பும் மெய்யெழுத்துகளுக்கு நீலமும் பூசினார். பிள்ளைகள் விரலால் தடவித் தடவி எழுத்தின் உருவத்தைக் கையில் ஏற்றிக்கொண்டார்கள். விடுதியிலிருந்து வந்த பிள்ளைகளில் சிலர் வாசிக்கவும் எழுதவும் பழகினார்கள். அவர்களைப் பொதுப் பாடசாலைப் பரீட்சைக்கு மற்றப் பிள்ளைகளோடு இருத்தினார். சித்தியடைந்தார்கள். எல்லோரும் அதிசயம் என்றார்கள். மொண்டிசோரிக்கு வேறு கேள்வி வந்தது: இந்தப் பிள்ளைகள் இவ்வளவுக்கு வந்தால், சுகமாக இருக்கிற மற்றப் பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகள் எவ்வளவு கீழே வைத்திருக்கின்றன?

பெயர் வந்தது, பிள்ளைகள் வரவில்லை

1901இல் அவர் அந்தக் கலாசாலையை விட்டு விலகினார். 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோமின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில் 'பிள்ளைகளின் வீடு' திறந்தது. அதில் இருந்தவர்கள் வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகள். விடுதிப் பிள்ளைகளோடு பழகிய முறையை இவர்களிடம் கொண்டுவந்தார். மர எழுத்துக்குப் பதிலாக அரத்தாளில் எழுத்து வெட்டினார்கள். இன்றைக்கும் முன்பள்ளிகளில் காணும் அரத்தாள் எழுத்து அட்டை அங்கேயிருந்து வந்ததுதான்.

அதன் பிறகுதான் உலகப் புகழ். இதில் ஒரு கசப்பும் உண்டு. புகழ் வந்தது மற்றப் பிள்ளைகளால். முறையைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்த பிள்ளைகள் கதையின் முதல் அத்தியாயத்தில் மட்டும் வந்துவிட்டுக் காணாமல் போனார்கள். அவர்களின் பெயர்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில், மொண்டிசோரி மகன் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறக்குறைய முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதால் பிரித்தானிய அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மகனைச் சிறிது காலம் தடுத்தும் வைத்தார்கள். திரும்பிப் போக ஏலாமல் 1946 வரை இந்தப் பக்கத்திலேயே தங்கியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார். 1944இல் இலங்கையிலும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்.

இப்படி எங்கட தீவுக்கு வந்த பெயர், காலப்போக்கில் எந்த முன்பள்ளிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. சின்னக் கதிரை வந்தது, அரத்தாள் எழுத்து வந்தது. வித்தியாசமான பிள்ளையைக் கவனித்துப் பார்க்கப் பழகிய ஆசிரியர் என்ற முதல் பகுதி மட்டும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்துபோனது.

இரண்டு வாசல்

இலங்கையில் விசேட கல்விக்கு வேறொரு வாசல் ஏற்கெனவே இருந்தது. 1912இல் மிஷனரிமார் செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார்கள். இரத்மலானையில் இருக்கிற பாடசாலை அதுதான். வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. இவை செய்த வேலை பெரியது. ஆனால் பார்வை இருக்கிற, காது கேட்கிற, வேறு விதமாக யோசிக்கிற பிள்ளைக்கு அந்த வாசலிலும் இடமில்லை, இந்த வாசலிலும் இடமில்லை. எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற பிள்ளைக்கு 'மொக்கு' என்ற பெயர். ஓரிடத்தில் இருக்க ஏலாத பிள்ளைக்குக் 'குழப்படி' என்ற பெயரும் பிரம்பும். எங்கட வகுப்புகளிலும் அப்படியானவர்கள் இருந்தார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

சட்டம் வராமல் இல்லை. 1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பாடசாலையே ஏற்க வேண்டும், அதற்கு ஆசிரியர் பயிற்சியை மாற்ற வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கட்டாயக் கல்விக்கான ஒழுங்குவிதி 1997இல் வந்தது. பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் இருக்கின்றன. ஆனால் அலகு என்பது பல இடங்களில் ஓர் அறை. அந்த அறைக்கு ஓர் ஆசிரியர். அவர் லீவு என்றால் அந்தப் பிள்ளைகளை மற்ற ஆசிரியர்களால் சமாளிக்க முடிவதில்லை. பயிற்சி ஒரு ஆளின் தலையில் மட்டும் இருந்தால் நடப்பது இதுதான்.

நரம்புப் பன்மைத்துவம் என்ற சொல் 1990களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. மனித மூளைகள் பல விதம், அதில் ஒரு விதத்துக்கு மட்டும் வகுப்பறையைக் கட்டிவிட்டு மற்றவர்களைக் குறையுள்ளவர்கள் என்று சொல்வது சரியில்லை என்று ஓட்டிசம் உள்ளவர்கள் தாங்களே பேசத் தொடங்கினார்கள். சொல் புதிது. ஆனால் தைக்க முடியாத பிள்ளைக்குப் பாய் பின்னக் கொடுத்த ஆசிரியர் அந்த இடத்துக்கு 1900இலேயே கிட்ட வந்திருந்தார்.

அப்படியென்றால் ஆசிரியரை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன? ஒருநாள் செயலமர்வும் சான்றிதழும் சாப்பாட்டுப் பார்சலும் போதாது என்பதை ரோம் கலாசாலை காட்டுகிறது. பிள்ளை இருக்கிற அறையில், அனுபவமுள்ள ஒருவரோடு, மாதக்கணக்கில் பழக வேண்டும். பிள்ளைக்குப் பட்டம் சூட்டுவதற்கு முன் கவனித்து எழுதிவைக்கப் பழக வேண்டும்: எந்த நேரத்தில் குழம்புகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, எதில் அமைதியாகிறான். மடம் கெரினை மறக்காவிட்டால், அதிபர், காவலாளி, சிற்றுண்டிச்சாலைக்காரர், வான் ஓட்டுகிற அண்ணை எல்லோரும் இந்தப் பயிற்சிக்குள் வர வேண்டும். பிள்ளை அவர்களோடும்தான் நாளைக் கழிக்கிறது.

அக்காவின் மகன் இப்போது வேறொரு சின்ன முன்பள்ளியில் இருக்கிறான். அங்கே உள்ள ரீச்சருக்கும் பயிற்சி ஒன்றும் இல்லை. முதல் இரண்டு கிழமையும் அவனைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாவாம். பிறகு ஒரு மட்டையில் மணியின் படத்தைக் கீறினா. மணி அடிக்கிறதுக்கு முன்னம் அதை அவனுக்குக் காட்டுவா. அவன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பான். மணி அடித்து முடியக் கையை எடுப்பான். இப்ப மேசைக்குக் கீழே போவதில்லை.

அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. முதல் மொண்டிசோரியில் கண் கலங்கிய ரீச்சருக்கு அது கிடைக்கவில்லை. அவவுக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று இதைக் காட்டிக் கொடுத்திருந்தால், அவவும் செய்திருப்பா என்றுதான் நாங்கள் நம்புகிறோம். எங்களில் சிலர் அடுத்த வருடம் கல்வியியற் கல்லூரிக்குப் போகிறார்கள். போய் முதல் கிழமையே கேட்கப் போகிற கேள்வி இது: இந்தப் பிள்ளைகளோடு நாங்கள் எப்போது, எத்தனை நாள், யாரோடு நின்று பழகப் போகிறோம்?