கல் கணக்கும் தீவுப் பெயரும்: முத்துக்கரையின் கடந்த காலத்தை மீட்டெழுதுதல்

சென்னையில் இரவு ஏறினால் விடிந்ததும் தூத்துக்குடியில் இறக்கிவிடும் ரயிலுக்கு முத்துநகர் விரைவு ரயில் என்று பெயர். அந்த முத்துநகர் முத்துக் குளிப்பதை நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1955இல் தொடங்கி 1961 வரை நடந்தவையே தூத்துக்குடிக் கரையின் கடைசிச் சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள். 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் வேப்பலோடையில் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் கரைக்காரர்களின் பிழைப்பாக அது மாறவில்லை. தொழில் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ரயிலில், கடைப் பலகைகளில், விடுதிகளில், மேடைப் பேச்சில் முத்து இன்று எங்கும் இருக்கிறது, பாரில் தவிர.

முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குக் கரைவழக்கில் பார் என்று பெயர். இச்சொல்லை இங்கே சொல்லக் காரணம் உண்டு. முத்துக்குளித்துறை எனப்படும் இக்கரையின் ஏழு துறைகளில் தெற்கு எல்லை மணப்பாடு. வடக்கு எல்லை வேம்பார். இவ்வூர்ப் பெயரை வேம் என்றும் பார் என்றும் பிரித்து, முத்துப்பாரோடு முடிச்சுப் போட எவருக்கும் ஆசை வரலாம். பக்கத்தூரான வைப்பாறு அந்த ஆசைக்குத் தடை போடுகிறது. வைப்பாறு வைப்பார் ஆனது போலவே வேம்பாறு வேம்பார் ஆயிற்று. பெயருக்குள் இருப்பது ஆறு, முத்து அல்ல. ஒரு கரைக்கு முத்து அடையாளமாகிவிட்ட பிறகு, அங்கே ஆறு என்ற சொல்லுக்குள்ளும் முத்து தேடப்படும். கடந்த காலத்தை நிகழ்காலம் புதுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. இன்றைக்குப் பிடித்த சொல்லின் வெளிச்சத்தில் பழைய சொல்லைப் படிப்பதுதான் அது.

வேம்பாரில் நின்று இந்தப் புதுக்கலைப் பார்ப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது. கொற்கையின் அகழாய்வுக் குழிகளோ, தூத்துக்குடியின் தங்கத்தேரோ, மணப்பாட்டின் திரைப்படப் புகழோ இவ்வூருக்கு இல்லை. வெளியூர்க்காரர் பலருக்கு வேம்பார் என்றால் கருப்பட்டி. கடலைவிடப் பனைதான் இவ்வூரை அறிமுகம் செய்கிறது. புகழ்பெற்ற கடந்த காலங்கள் எல்லாம் தெற்கே தள்ளியே நின்றுவிட்டன. அதனால் அவை எப்படி உருவாகின்றன என்பதை இங்கிருந்து சற்றுத் தெளிவாகப் பார்க்கலாம்.

அவற்றில் முதலாவது கொற்கை. பிஷப் கால்டுவெல் 1870களில் அங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. 2021இல் மறுபடியும் அகழ்ந்தது. சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வருவதால் மண்ணும் பாட்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இடமாகக் கொற்கை ஆகிவிட்டது. ஆய்வாளர்களின் உழைப்பில் எனக்குக் குறை இல்லை. குறை பயன்பாட்டில்தான். செங்கடல் வழிகாட்டி நூலான 'பெரிப்ளூஸ்' கொற்கை முத்துக்குளிப்பு பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டது என்கிறது. அதே இடத்தில், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டே அது நடத்தப்பட்டது என்றும் சொல்கிறது. மேடைகளில் முதற்பாதி மேற்கோளாகும் அளவுக்கு இரண்டாம் பாதி ஆவதில்லை. அதை எழுதிய கிரேக்க மாலுமி தவறாகக் கேட்டிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. வாதிடுவது வேறு, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது வேறு. யவனர் பார்த்து வியந்த முத்து நமக்கு வேண்டும். அதற்காக மூச்சடக்கியவன் யாரென்று அவர்கள் சொன்னது நமக்கு வேண்டியதில்லை.

கொற்கையைத் தன் முன்னூராகக் கொள்வது, பரவர் என்றும் அழைக்கப்படும் இக்கரையின் பரதவர் சமூகத்துக்கு நேற்று வந்த பழக்கம் அன்று. இலங்கையின் சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தின் தோற்றம் பற்றி எழுதிய கட்டுரை 1837இல் லண்டன் ராயல் ஆசியக் கழக இதழிலேயே வெளிவந்துவிட்டது. சாதித்தலைவரைப் பாண்டியபதி என்று அழைக்கும் வழக்கமும் இந்தக் கரையுடையதே. சங்கப் பரதவர்க்கும் 16ஆம் நூற்றாண்டுப் பரவர்க்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைப் பாலம் கட்டாமலே தாண்டுவது வரலாற்றாசிரியரை உறுத்தும். ஆனாலும் இதைக் கற்பனை என்று ஒதுக்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயக்கரிடமும் போர்த்துக்கீசியரிடமும் டச்சுக்காரரிடமும் பேரம் பேச வேண்டியிருந்த ஒரு தலைமைக்குப் பழைய அரச மரபு அலங்காரம் அல்ல, பத்திரம்.

எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த 'புனையப்பட்ட மரபு' நூலுக்குப் பிறகு, ஸ்காட்லாந்துக்காரரின் கட்டம்போட்ட பாவாடை தொடங்கி எந்த மரபையும் அண்மைக்காலத் தயாரிப்பு என்று காட்டிவிடுவது எளிதாகிவிட்டது. இந்தக் கரையில் அக்கருவி பாதித் தூரம்தான் வேலை செய்கிறது. தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத்தேர் முதலில் ஓடியது 1806இல். செய்வித்தவர் அன்றைய சாதித்தலைவர். வடம் பிடித்து இழுக்கும் கோயில் தேரின் இலக்கணம், கத்தோலிக்க மாதா, சாதித்தலைமையின் கௌரவம் ஆகிய மூன்றும் அதில் ஒன்றாய் உருண்டன. சூசன் பெய்லி 1989இல் வெளியான தம் நூலில் தென்னிந்தியக் கிறிஸ்தவத்தை இவ்வாறு உள்ளூர் அரசியலோடு சேர்த்துப் படித்தார். அப்படிப் படித்தால் தேர் புனைவும் அல்ல, தொன்மையும் அல்ல. தனக்குத் தெரிந்த வடிவத்தில் தன் புதிய நிலையைச் சொல்லிக்கொண்ட ஒரு சமூகத்தின் பேச்சு அது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலுக்குப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர் வைத்ததும் இதே போக்குத்தான். சைவர் வாயில் இருந்த சொல்லையே கத்தோலிக்கக் கடவுளுக்கு எடுத்தார்.

இடையில் ஒன்று. அந்த நூலை அச்சிடப் பணம் கொடுத்தவர்கள் இக்கரைப் பரவர்கள். தமிழ் அச்சின் பெருமை பேசப்படும்போது பாதிரியார் பெயரைச் சொல்கிறோம், கொல்லத்தைச் சொல்கிறோம், ஆண்டைச் சொல்கிறோம். மீனும் முத்தும் விற்ற பணம் அதற்குள் இருந்ததைச் சொல்வதில்லை. பாதிரியாருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. 1968இல் மெரினாவில் நிறுத்தப்பட்ட சிலைகளில் ஜி.யு. போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் இடம் இருந்தது. அரை நூற்றாண்டு இக்கரையில் வாழ்ந்து புன்னைக்காயலில் இறந்தவருக்கு இல்லை.

அடுத்தது புனித பிரான்சிஸ் சவேரியாரின் கடந்த காலம். படங்களிலும் பேச்சிலும் கடற்கரை மதமாற்றம் என்றால், கையில் மணியோடு மணலில் நடக்கும் சவேரியார்தான். அவர் இங்கு வந்தது 1542இல். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே கரை திருமுழுக்குப் பெற்றுவிட்டது. கடலில் போட்டியாளர்களுடன் மோதல் முற்றியபோது, ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகரின் ஆலோசனையின்படி பட்டங்கட்டிகள் எனப்படும் ஊர்த்தலைவர்கள் போர்த்துக்கீசியரைத் தேடிக் கொச்சிக்குப் போனார்கள். கேட்டது படகுக்கும் பாருக்கும் பாதுகாப்பு. அதற்கு ஈடாக ஏற்றது திருமுழுக்கு. சவேரியார் வந்து பார்த்தது பெயரளவில் கிறிஸ்தவரான மக்களை. செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தது அவர் செய்த பெரிய வேலை. இன்றைய நினைவில் வரிசை மாறிவிட்டது. பட்டங்கட்டிகளின் பேரம் பின்னுக்குப் போய்ப் புனிதரின் நடை முன்னுக்கு வந்துவிட்டது. இது திருச்சபையின் சூழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. பேரத்தைவிடப் புனிதரைப் படமாக எழுதுவது எளிது. ஆனால் இந்த மாற்றத்தில் கரைக்காரர் தம் வரலாற்றில் தாமே முடிவெடுத்த ஒரு தருணத்தை இழந்து, ஒருவர் வந்து மீட்டுக்கொண்ட மக்களாகிவிட்டார்கள்.

இந்தக் கடந்த காலங்கள் எல்லாவற்றிலும் நழுவிப்போவது வேலையும் கணக்கும்தான். சலாபத்தின் அளவுகோல் கல். முத்துக்குளிப்பவர் விரைவாக அடியில் இறங்கக் காலில் மாட்டும் கல்லே உரிமையை எண்ணும் அலகாகவும் இருந்தது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை, சாதித்தலைவருக்கும் பட்டங்கட்டிகளுக்கும் இத்தனை என்று வரியில்லாக் கற்கள் பங்கிடப்பட்டன. நாயக்கர் போனபின் ஆர்க்காட்டு நவாபும் பங்கு கேட்டார். கோயில்களுக்கும் பங்கு இருந்தது. அதாவது ஓர் ஆள் மூச்சடக்குவதே அரசுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் நாணயமாக இருந்தது. இறங்கியவர்களும் ஒரே சமூகத்தார் அல்லர். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் முஸ்லிம்கள் இறங்கினார்கள். இன்று முத்துக்குளிப்பை ஒரு சாதியின் பெருமையாக மட்டும் எழுதும் சிறுநூல்களில் அவர்கள் எதிரியாகத் தலைகாட்டுகிறார்கள், உடன் குளித்தவராகத் தலைகாட்டுவதில்லை. சலாபம் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவும் அல்ல. 1830க்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குளிக்கத்தக்க சலாபமே கூடவில்லை. இன்றைய விளம்பரங்களில் வற்றாமல் கொட்டும் முத்துக்கு இந்த முப்பது வெற்று ஆண்டுகள் தெரியாது.

கடல்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இவ்வேலையைப் பிராமணர் செய்ததாகவும் அதற்கு இருபதில் ஒரு பங்கு பெற்றதாகவும் எழுதுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அதே வேலை கத்தோலிக்கக் குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்தது. ஆங்கில அதிகாரிகள் அதை மூடநம்பிக்கை என்று எழுதிவைத்துக்கொண்டே கூலியும் கொடுத்தார்கள். கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் இறங்கமாட்டார்கள். மதம் மாறியது, அரசு மாறியது; அடியாழத்து அச்சம் மாறாததால் வேலை மாறவில்லை. இந்தக் கரையின் தொடர்ச்சி எதில் என்று என்னைக் கேட்டால், கொற்கை மன்னரையோ சவேரியாரையோ காட்டமாட்டேன், இந்த அச்சத்தைத்தான் காட்டுவேன்.

புனைகதை இதை ஓரளவு பிடித்திருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) மணப்பாட்டுக் கரையை வெளியிலிருந்து, பரிவோடு பார்த்த நாவல். உவரிக்காரரான ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமரத்தின் மீதிருந்தே எழுதப்பட்டது. அதன் வட்டாரச் சொற்களுக்கு உள்நாட்டு வாசகர் தடுமாறினர். அந்தத் தடுமாற்றம் நல்லதே, ஏனெனில் வேலையின் சொற்கள் வேலையைக் கூடவே கூட்டிவருகின்றன. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'கொற்கை' இன்னும் துணிச்சலானது. பெயரில் சங்கத் துறைமுகம், உள்ளே 20ஆம் நூற்றாண்டுத் தூத்துக்குடி. தலைப்பு பெருமையை எழுப்புகிறது. பக்கங்கள் தோணிச் சொந்தக்காரர்களின் போட்டியையும் சரிவையும் சொல்லிக்கொண்டு போகின்றன. பழம்பெருமையை வாசலில் தொங்கவிட்டு உள்ளே கணக்குப் பார்க்கும் இந்த உத்திக்கு ஈடாக எதையும் திரைப்படம் செய்யவில்லை. மணிரத்னத்தின் 'கடல்' (2013) படத்தில் மணப்பாட்டின் மணலும் ஆலயமும் அழகாக இருக்கின்றன. அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கடந்த காலம் இருக்கிறது. பண்பாட்டின் பெயரில் வராததால் அதை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். மனிதன் கைபடாத பவளக்கடல் என்ற கருத்தும் மீட்டுருவாக்கிய கடந்த காலமே. பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் விலங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. அந்த இழப்புக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அத்தீவுகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஒன்று உப்புத்தண்ணித் தீவு. இன்னொன்று நல்லதண்ணித் தீவு. இவை இயற்கை ஆர்வலர் வைத்த பெயர்கள் அல்ல. எந்தத் தீவில் இறங்கினால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று தாகத்தோடு போனவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்த தகவல் அது. மூன்றாவது தீவான புலுவினிச்சல்லியின் பெயரில் வரும் சல்லி, காலில் குத்தும் உடைந்த பவளத்துண்டு. காலால் மிதித்தவர் வைத்த பெயர்.

கல்வெட்டிலும் செபநூலிலும் இல்லாத தொழில் வரலாறு இந்த மூன்று பெயர்களில் இருக்கிறது. அரசு ஆவணங்கள் அவற்றை ஒன்றுசேர்த்து வேம்பார் தீவுத் தொகுதி என்று குறிக்கின்றன. வேம்பாரிலிருந்து படகேறும் ஒருவர் நல்லதண்ணித் தீவில் இறங்க இன்று வனத்துறை அனுமதி வேண்டும்.