காற்றடித்த உடம்பும் பட்டுத்துணி மனிதர்களும்

எங்கட வீடுகளில் ஆருக்கும் பாரிசவாதம் வந்தால் என்ன நடக்கும்? ஆஸ்பத்திரி, மருந்து, பிறகு வீட்டில ஒரு கட்டில். "அசையாமல் படுங்கோ அப்பப்பா" என்று அன்பாகத்தான் சொல்லுவம். அந்த அன்பு சரிதானா? இதை யோசிக்க, கொஞ்சம் சீனாவுக்குப் போய் வர வேணும்.

பாரிசவாதம் என்ற சொல்லுக்குள்ள 'வாதம்' இருக்கிறது. சித்த மருத்துவத்தில் வாதம் காற்றோடு சேர்ந்தது. சீன மருத்துவத்தில் இந்த நோயின் பழைய பெயர் 'சோங்ஃபெங்'. அதாவது, காற்றால் தாக்கப்படுதல். திடீரென விழுந்த மனிதரைப் பார்த்து ரெண்டு மரபும் காற்றைத்தான் நினைத்திருக்கு.

1970களின் தொடக்கத்தில் ஹுனான் மாகாணத்து மவாங்துய் என்ற இடத்தில் பழைய கல்லறைகளைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையில் பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. அதில் 44 உருவங்கள். ஆண்களும் பெண்களும் கை நீட்டி, குனிந்து, உடம்பைத் திருப்பி நிற்கிறார்கள். சில உருவங்களுக்குப் பக்கத்தில் நோயின் பெயர் எழுதியிருக்கிறது. உடற்பயிற்சியை மருந்தாக நினைத்த வரலாறு அவ்வளவு பழையது.

தாய் சி அந்த ஓவியத்திலிருந்து நேராக வந்ததில்லை. அது சண்டைக்கலை. 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தின் கிராமத்தில் வேர்விட்டு, 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் வழியாக பெய்ஜிங் போனது. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதைச் சுருக்கி, சாதாரண சனமும் பழகக்கூடிய 24 அசைவுகளாக்கியது. சண்டைக்காரரின் கலை பூங்காவில் நிற்கும் கிழவர்களின் கைக்கு வந்தது இப்படித்தான்.

இன்னொரு கதை லண்டனில். நாசிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து வந்த உடற்பயிற்சி ஆசிரியை பெர்டா போபாத், 1943இல் பாரிசவாதம் வந்த ஓர் ஓவியருக்குச் சிகிச்சை செய்தார். நல்ல கையை வைத்துச் சமாளிக்கப் பழக்குவதுதான் அப்போதைய வழக்கம். அவரோ செயலிழந்த பக்கத்தோடேயே வேலை செய்தார். "மற்றக் கை இருக்குத்தானே" என்று நாங்கள் இன்றைக்கும் சொல்லுறது அந்தப் பழைய வழக்கத்தைத்தான்.

தாய் சியில் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மெல்ல மாற்ற வேணும். மூச்சும் கவனமும் அந்த அசைவோடேயே போகும். பாரிசவாதம் குழப்பிவிடுவதும் இந்தச் சமநிலையைத்தான். 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் செய்த ஆய்வொன்று வெளியானது. 145 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, 12 வாரம் பார்த்தார்கள். வழமையான பராமரிப்பில் இருந்தவர்கள் 15 தரம் விழுந்தார்கள். வேறு உடற்பயிற்சி செய்தவர்கள் 14 தரம். தாய் சி செய்தவர்கள் 5 தரம். ஒரு ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல ஏலாது. தாய் சி செயலிழந்த கையை மீட்டுத்தரும் மந்திரமும் இல்லை. ஆனால் வயதான ஒருவருக்கு ஒரு விழுகை எண்டால் இடுப்பெலும்பு முறிவு, திரும்பவும் கட்டில்.

இதை வாசித்துவிட்டு அப்பப்பாவை உடனே முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது. முதலில் கிளினிக்கில டொக்டரிட்டயும் பிசியோதெரபி செய்யிறவரிட்டயும் கேட்க வேணும். நிக்கக் கஷ்டமென்றால் கதிரையில இருந்தும் செய்யலாம். பக்கத்தில ஒராள் கட்டாயம் நிக்க வேணும். அந்த ஒராளாக நிக்கிறது எங்கட வேலை.