எழுந்து போனவரும் இருந்து வென்றவரும்

2017 செப்டம்பர் 25. பெர்லினில் செய்தியாளர் சந்திப்பு. முந்தைய நாள்தான் ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சி 12.6 சதவீத வாக்கோடு முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தது, 94 இடங்கள். மேசைக்குப் பின்னால் நான்கு தலைவர்கள். அவர்களில் ஒருவரான ஃப்ராவ்க்கே பெட்ரி, கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் தான் சேரப்போவதில்லை என்று அறிவித்தார். கேள்விக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விட்டார். அவர் கட்சியை விட்டே நீக்கப் பார்த்த ப்யோர்ன் ஹொக்கேயை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இருவரும் எதிரெதிர்த் திசையில் பயணப்பட்டவர்கள். பெட்ரி 1975இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தவர். பெர்லின் சுவர் விழுந்தபின் குடும்பம் மேற்கே பெர்க்காமனுக்குக் குடிபெயர்ந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, லைப்சிக்கில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். பெர்க்காமனுக்கு அடுத்த ஊரான லூனனில் 1972இல் பிறந்தவர் ஹொக்கே. மேற்கே ஹெஸ்ஸன் மாநிலப் பள்ளியில் வரலாறும் உடற்கல்வியும் கற்பித்தவர், அரசியலுக்குத் தேர்ந்துகொண்டது கிழக்கிலுள்ள துரிங்கியாவை.

பெட்ரியை ‘மிதவாதி’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்சியை நிறுவிய பொருளியலாளர் பெர்ன்ட் லுக்கேயை 2015 ஜூலையில் எஸ்ஸன் மாநாட்டில் தோற்கடித்தபோது, வலதுகோடியினரின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பவர்களைத் தடுக்க, கடைசி வழியாகக் காவலர்கள் துப்பாக்கியையும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று 2016 ஜனவரியில் அவர் சொன்னது நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டு, ‘இனமக்கள் சார்ந்த’ என்று பொருள்படும், நாஜிகள் தங்களுடையதாக்கிக்கொண்ட ‘ஃபோல்கிஷ்’ என்ற சொல்லுக்கு மறுபடி நல்ல அர்த்தம் தர வேண்டும் என்றார். புலிவாலைப் பிடித்தவர் அவர். பிடியை விட நினைத்தபோது காலம் கடந்துவிட்டது. ஆட்சிக்கு வரத்தக்க கட்சியாக மாறுவோம் என்று 2017 ஏப்ரலில் கொலோன் மாநாட்டுக்கு அவர் கொண்டுவந்த தீர்மானத்தை, பிரதிநிதிகள் விவாதத்துக்கே எடுக்கவில்லை.

ஹொக்கேயின் வழி வேறு. பெர்லின் நடுவே யூதப் படுகொலையின் நினைவாக 2,711 கான்கிரீட் கற்கள் நிற்கின்றன. 2017 ஜனவரியில் டிரெஸ்டனில் பேசிய அவர், தலைநகரின் நெஞ்சில் அவமானச் சின்னத்தை நட்டுக்கொண்ட ஒரே மக்கள் ஜெர்மானியர்தான் என்றார். நாடு கடந்தகாலத்தை நினைவுகூரும் விதமே 180 பாகை திரும்ப வேண்டும் என்றும் கேட்டார். அந்த ஆண்டு நவம்பரில், பொர்ன்ஹாகன் கிராமத்தில் அவர் வீட்டை ஒட்டிய நிலத்தில் ஒரு கலைக்குழு அந்தக் கற்களைப் போலவே 24 கற்களை எழுப்பியது. டிரெஸ்டன் பேச்சுக்காகத்தான் பெட்ரி தலைமையிலான நிர்வாகக் குழு அவரை நீக்க நடவடிக்கை தொடங்கியிருந்தது. 2018 மே மாதம் கட்சியின் தீர்ப்பாயம் அதைத் தள்ளியபோது பெட்ரியே கட்சியில் இல்லை.

ஹொக்கே நீதிமன்றமும் ஏறினார். நாஜிகளின் எஸ்.ஏ. படை முழங்கிய, ‘ஜெர்மனிக்காக எல்லாம்’ என்று பொருள்படும் தடைசெய்யப்பட்ட முழக்கத்தை மெர்செபுர்க் கூட்டத்தில் சொன்னதற்காக, ஹாலே நீதிமன்றம் 2024 மே மாதம் 13,000 யூரோ அபராதம் விதித்தது. அது எஸ்.ஏ. முழக்கம் என்பதே தனக்குத் தெரியாது என்பது அவர் வாதம். ஒரு வரலாற்று ஆசிரியர் இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2023 டிசம்பரில் கேரா கூட்டத்தில் முழக்கத்தின் முற்பகுதியை மட்டும் சொல்லிக் கையை அசைத்தார். மிச்சத்தைக் கூட்டம் முடித்துவைத்தது. அதற்குத் தனியாக 16,900 யூரோ அபராதம். ஒரு கையசைப்பிலேயே முழக்கத்தை முழுமையாக்கக் கற்றுக்கொண்ட கூட்டம்தான் அபராதத்தைவிட என்னை அச்சுறுத்துகிறது.

பெட்ரி தொடங்கிய நீலக் கட்சி, 2019 செப்டம்பர் 1 அன்று அவர் சொந்த மாநிலமான சாக்சனியில் 0.4 சதவீதம் வாங்கியது. அவர் விட்டு வந்த கட்சிக்கு அங்கே 27.5. ஆண்டு முடிவில் நீலக் கட்சியைக் கலைத்துவிட்டார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 1 அன்று துரிங்கியாவில் ஹொக்கே தலைமையில் அதே கட்சி 32.8 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. பிற கட்சிகள் கைகொடுக்காததால் ஆட்சி கிடைக்கவில்லை. ஆனால் சட்டமன்றத்தின் 88 இடங்களில் 32 அவர்களுடையது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் எதையும், அரசமைப்புத் திருத்தம் உட்பட, அவர்கள் சம்மதிக்காமல் அங்கே நிறைவேற்ற முடியாது.