வன்தட்டின் சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு

பழைய பிசிக்களில் வன்தட்டின் ஓர் இடத்தைச் சுட்ட மூன்று எண்கள் வேண்டும்: சிலிண்டர் (எல்லாத் தகடுகளிலும் ஒரே வரிசையில் உள்ள வட்டத் தடங்கள்), ஹெட் (தகட்டுப் பக்கத்தைப் படிக்கும் முனை), செக்டர் (தடத்தின் ஒரு துண்டு). 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது அவை தட்டின் உண்மையான அமைப்பையே காட்டின. அதில் இடம்பெற்ற சீகேட் எஸ்டி-412 தட்டில் 306 சிலிண்டர், 4 ஹெட், தடத்துக்கு 17 செக்டர். செக்டருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 1,06,53,696 பைட்.

எக்ஸ்டியுடன் வந்த டாஸ் 2.0 பார்ட்டிஷன் அட்டவணையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 16 பைட். தொடக்கமும் முடிவும் மும்மூன்று பைட்டில் இந்த மூன்றெண் முகவரியாக இருக்கும். கூடவே எத்தனையாவது செக்டரில் தொடங்குகிறது, மொத்தம் எத்தனை செக்டர் என்ற நேர்க்கணக்கும் உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு முகவரி. பிற்காலக் குழப்பங்களில் பலவற்றுக்கு இதுவே வேர்.

கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6 ஒதுக்கியது. ஐடிஇ இணைப்பு முறைத் தட்டு அதையே 16, 4, 8 என்று பிரித்தது. இரண்டும் சேரும்போது ஒவ்வொன்றிலும் சிறியதே செல்லும்: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். ஆக 52,84,82,304 பைட்டுக்கு மேல் எட்டவில்லை. 1990களின் நடுவில் பயாஸ் இந்த எண்களை மாற்றிச் சொல்லத் தொடங்கியது. எல்லை சுமார் 8.4 ஜிகாபைட்டுக்கு நகர்ந்தது. அதற்குள் தட்டுகளும் மாறிவிட்டன. வெளித் தடங்களில் செக்டர்கள் அதிகம், உள் தடங்களில் குறைவு. இரண்டு மூன்று தகடுகள் கொண்ட தட்டுக்கு 255 ஹெட் இருப்பதாக பயாஸ் சொன்னது. சுத்தப் பொய்தான்; ஆனால் எல்லா மென்பொருளும் ஒரே பொய்யைச் சொல்லும்வரை கணினி ஓடியது.

பொய் ஒத்துப்போகாதபோது என்ன ஆகும் என்பதை 2004இல் ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் வெளியீடு காட்டியது. லினக்ஸ் 2.6 கெர்னல், பயாஸ் சொன்ன கணக்கைத் தருவதை விட்டிருந்தது. நிறுவி 255 ஹெட்டுக்குப் பதில் 16 எனக் கொண்டு அட்டவணையைத் திருத்தி எழுத, பக்கத்துப் பார்ட்டிஷனிலிருந்த விண்டோஸ் எக்ஸ்பி பல கணினிகளில் துவங்க மறுத்தது. தரவு எதுவும் அழியவில்லை. எஸ்எஃப்டிஸ்க் கட்டளையில் 255 ஹெட் என்று சொல்லி அட்டவணையை மறுபடி எழுதினால் போதும்.

பழைய டாஸோ, லினக்ஸ் துவக்கியான லைலோவோ இருக்கும் கணினியில் துவக்கப் பார்ட்டிஷனை முதல் 1024 சிலிண்டருக்குள் வைக்கச் சொல்வதும் பயாஸின் அந்த 10 பிட்டால்தான். முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும் வழக்கமும் இந்தக் கணக்கின் எச்சமே; முதல் தடத்தை அட்டவணைக்கு விட்டுவிடுவார்கள். விண்டோஸ் விஸ்டா அதை 2048ஆம் செக்டருக்கு மாற்றியது. 4096 பைட்டில் எட்டு 512 பைட் செக்டர் அடங்கும்; 63 எட்டால் வகுபடாது என்பதால், பிறகு வந்த 4096 பைட் செக்டர் தட்டுகளைப் பழைய முறையில் பிரித்தவர்களுக்கு எழுதும் வேகம் குறைந்தது.